ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு: டர்பன் தமிழ்க் கிறிஸ்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வெள்ளிக்கிழமை இரவு எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு இரண்டு வகைத் தமிழர்கள் வருகிறார்கள். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் நான்காம், ஐந்தாம் தலைமுறை ஒரு பக்கம். வேலை கிடைத்து அண்மையில் சென்னையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வந்தவர்கள் மறுபக்கம். முதல் வகையினரில் பலருக்குத் தமிழ் கீர்த்தனையில் மட்டும் மிச்சமிருக்கிறது, பேச்சு ஆங்கிலம்தான். அவர்களுக்கு இதை யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

வேதபாடம் முடிந்து டீ வரும் நேரத்தில் கேட்கப்படும் கேள்விகள் இவை. பாதிக்கு மேல் வீட்டு வேலை செய்பவர்களைப் பற்றியவை. ஆகவே அந்தப் பகுதிதான் இங்கேயும் நீளம்.

விசுவாசம் எனக்கும் ஆண்டவருக்கும் இடையிலான விஷயம். அதில் வேலைக்காரம்மாவின் சம்பளம் எங்கிருந்து வந்தது?

வேதத்திலிருந்துதான் வந்தது. ஏழைக் கூலிக்காரனின் கூலியை அன்றைக்கே, பொழுது சாயும் முன் கொடுத்துவிடு என்கிறது உபாகமம் 24. அவன் உன் சகோதரனானாலும் சரி, உன் ஊரில் தங்கியிருக்கும் அந்நியனானாலும் சரி. கொடுக்காவிட்டால் அவன் கர்த்தரை நோக்கி முறையிடுவான், அது உனக்குப் பாவமாகும். யாக்கோபு இன்னும் ஒரு படி மேலே போகிறார். பிடித்து வைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது என்கிறார் (5:4). ஜெபம் கேட்கப்படவில்லையே என்று வருத்தப்படுகிறவர்கள், அதே காதில் வேறென்ன சத்தம் விழுகிறது என்று ஒருமுறை யோசிக்கலாம்.

இந்த வசனம் நமக்குப் புரியாமல் போக வழியே இல்லை. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளோடு மதராஸிலிருந்து டர்பன் வந்து சேர்ந்தது. முதல் வருடக் கூலி மாதம் 10 ஷில்லிங். 1911-இல் இந்தக் கப்பல் போக்குவரத்து நிற்கும்வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மதராஸில் ஏறியவர்கள். ஒப்பந்தம் முடிந்து 1871-இல் மதராஸ் திரும்பியவர்கள் அங்கே அதிகாரிகளிடம் சொன்ன புகார் என்ன தெரியுமா? கூலியைப் பிடித்துக்கொண்டார்கள், அடித்தார்கள் என்பதுதான். அதன் பேரில் 1872-இல் நேட்டாலில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. இடையில் நின்றிருந்த ஆள் அனுப்புதலை 1874-இல்தான் மறுபடி தொடங்கினார்கள்.

அந்தக் கூலியைப் பிடித்த தோட்ட முதலாளிகள் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகாமலா இருந்திருப்பார்கள்? பாட்டுப் புத்தகம் அவர்கள் கையிலும் இருந்திருக்கும். இன்றைக்குக் கூலி கொடுக்கும் கை நம் கை. அன்றைக்கு வாங்கிய கையின் பேரன் பேத்தி கை.

புதிதாக வந்தவர்கள், “நாங்கள் அந்தக் கப்பலில் வரவில்லையே” என்பார்கள். சரி. உங்கள் ஊரில் களத்துமேட்டில் நெல்லுக்காகக் காத்து நின்றவர்கள் யார், அளந்து போட்டவர்கள் யார் என்று உங்கள் பாட்டியைக் கேளுங்கள். எந்தப் பக்கம் நின்றிருந்தாலும் உபாகமம் ஒன்றுதான்.

அப்படியானால் எவ்வளவு கொடுப்பது நியாயம்?

முதலில் சட்டம். 2022 மார்ச் 1 முதல் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் மற்றவர்களுக்கும் தேசியக் குறைந்தபட்சக் கூலி ஒன்றே. அதற்கு முன் வீட்டு வேலைக்கு மட்டும் குறைவாக வைத்திருந்தார்கள். 2025 மார்ச் 1 அன்று அதை மணிக்கு 28 ராண்ட் 79 சென்ட் என்று வைத்தார்கள். அந்தக் கணக்கில் எட்டு மணி நேரத்துக்கு 230 ராண்ட் 32 சென்ட். ஆண்டுதோறும் மார்ச் மாதம் இந்தத் தொகை மாறும், இப்போது எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் துணி இஸ்திரி போட மட்டும் வந்தாலும் நான்கு மணி நேரக் கூலி கொடுக்க வேண்டும். அவர் இரண்டு மினிபஸ் டாக்சி மாறி வருகிறார், போகிறார். அந்த நேரத்தை யாரும் அவருக்குத் திருப்பித் தரப்போவதில்லை.

மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் உங்களிடம் வேலை செய்தால் யு.ஐ.எஃப். என்ற வேலையின்மைக் காப்பீட்டு நிதியில் பதிவு செய்ய வேண்டும். அவர் பங்கு ஒரு சதவீதம், உங்கள் பங்கு ஒரு சதவீதம். வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை. வருடத்தில் மூன்று வாரம் சம்பளத்தோடு விடுமுறை.

வேலையில் அடிபட்டால் இழப்பீடு என்ற உரிமை வீட்டுப் பணியாளர்களுக்கு மிக அண்மையில் வந்தது. 2012-இல் பிரிட்டோரியாவில் மரியா மஹ்லாங்கு என்ற பெண்மணி வேலை செய்துகொண்டிருந்த வீட்டின் நீச்சல் குளத்தில் விழுந்து இறந்துபோனார். அவருக்குக் கண்பார்வை குறைவு. அவர் மகள் நீதிமன்றம் போனார். 2020 நவம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம், வீட்டுப் பணியாளர்களை இழப்பீட்டுச் சட்டத்திலிருந்து விலக்கி வைத்தது செல்லாது என்று தீர்ப்பளித்தது. எட்டு வருடம். அதுவரை தொழிற்சாலையில் விரல் நசுங்கினால் இழப்பீடு, நம் வீட்டில் உயிர் போனாலும் இல்லை.

இதெல்லாம் சட்டம் போட்ட தரைமட்டம். கொலோசெயர் 4:1 எஜமான்களிடம் கேட்பது வேறு: “வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள்.” சட்டப்படி கொடுத்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்துகிறவரிடம் நான் ஒன்றுதான் கேட்பேன். அந்தச் சம்பளத்தில் நீங்கள் ஒரு மாதம் குடும்பம் நடத்துவீர்களா? முடியாது என்றால், முடிந்த அளவு கூட்டிக் கொடுங்கள். நிஜமாகவே வசதியில்லாத வீடுகளும் உண்டு. ஓய்வூதியத்தில் வாழும் முதியவருக்கு ஐந்து நாள் ஆள் வைக்கக் கட்டாது. அவர் ஒரு நாள் ஆள் வைத்து ஒரு நாள் கூலியை முழுதாகக் கொடுக்கட்டும். ஐந்து நாள் வரச்சொல்லி இரண்டு நாள் கூலியைக் கொடுப்பதைத்தான் வேதம் தடுக்கிறது.

நாங்கள் பழைய துணி, சாப்பாடு, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் கொடுக்கிறோம். அது கணக்கில் சேராதா?

சேராது. வேலை நேரத்தில் கொடுக்கும் சாப்பாட்டுக்கும் வேலைக்கான உடைக்கும் கூலியில் பிடிக்கச் சட்டமே இடம் தரவில்லை. கண்ணாடி டம்ளர் உடைந்தாலும் பிடிக்கக் கூடாது. உங்கள் பிள்ளை உடைத்தால் யாரிடம் பிடிப்பீர்கள்?

கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. தாராளமாகக் கொடுங்கள். ஆனால் கூலி என்பது கடன், அன்பளிப்பு என்பது அன்பு. அன்பைக் காட்டிக் கடனை அடைத்ததாக எழுதிக்கொள்ளக் கூடாது. அப்புறம், கிழிந்த சட்டையைக் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் “ஏன் போட்டுக்கொண்டு வரவில்லை” என்று கேட்கும் பழக்கம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

வீட்டில் அவருக்கென்று தனி கப், தனித் தட்டு வைத்திருக்கிறோம். சுத்தத்துக்காகத்தான். தவறா?

தவறு. சுத்தம்தான் காரணம் என்றால், அந்தக் கையால் கழுவிய பாத்திரத்தில் நீங்கள் எப்படிச் சாப்பிடுகிறீர்கள்? உங்கள் பிள்ளைக்கு ஊட்டுவதும் அந்தக் கைதானே.

சமையலறைச் சன்னலோரம் கவிழ்த்து வைத்திருக்கும் அந்த எனாமல் குவளையைப் பார்த்தால் எனக்கு இரண்டு ஊர்களின் சரித்திரம் தெரிகிறது. ஒன்று இந்த ஊருடையது. 1857-இல் கேப் டச்சு சீர்திருத்தச் சபை கூடி ஒரு தீர்மானம் போட்டது. எல்லோரும் சேர்ந்து ஆராதிப்பதுதான் வேதத்துக்கு ஒத்தது என்று முதலில் ஒப்புக்கொண்டார்கள். பிறகு “சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு” வெள்ளையரல்லாத விசுவாசிகளுக்குத் தனி ஆராதனை நடத்தலாம் என்றார்கள். பலவீனம் யாருடையது? பக்கத்தில் உட்கார முடியாத வெள்ளையருடையது. அந்தச் சிறு சலுகை வளர்ந்து தனிச் சபையாகி, பிற்பாடு தனிப் பேட்டை, தனிப் பேருந்து, தனிக் கடற்கரை எல்லாவற்றுக்கும் வேத நியாயம் சொல்லும் இடத்தில் போய் நின்றது. அதே சபைக் குடும்பத்தைச் சேர்ந்த கலப்பின மக்களின் சபைதான் இதை மறுத்து பெல்ஹார் என்ற விசுவாச அறிக்கையை 1982-இல் எழுதி 1986-இல் ஏற்றுக்கொண்டது.

மற்றது நம் சொந்த ஊருடையது. நெல்லைப் பக்கம் வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தில் சாதிக்கு ஒரு பக்கமாக மக்கள் நின்றார்கள், நடுவே சுவர். இரண்டு கால் பிரிந்தது போலக் கட்டப்பட்ட அந்த ஆலயத்துக்குக் கால்சட்டைக் கோவில் என்றே பெயர். சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. இடித்ததற்காகச் சண்டை போட்டவர்களும் பூசைக்குப் போகிறவர்கள்தான்.

டர்பனிலேயே நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1898 வாக்கில் காந்தி இங்கே குடியிருந்தார். அவருடைய குமாஸ்தாக்கள் சிலர் அவர் வீட்டிலேயே தங்கினார்கள். அறையில் வைக்கும் மூத்திரச் சட்டியைச் சுத்தம் செய்வது காந்தி, கஸ்தூர்பா இருவரின் வேலை. ஒரு குமாஸ்தா பஞ்சமர் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய சட்டியை எடுக்கக் கஸ்தூர்பாவுக்கு மனம் வரவில்லை. அழுதுகொண்டே எடுத்தார். முகம் கோணாமல் எடுக்க வேண்டும் என்று காந்தி கத்தினார். வாய்ப்பேச்சு முற்றி, மனைவியைக் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துக்கொண்டு போனார். பின்னாளில் அவரே வெட்கப்பட்டு எழுதி வைத்த சம்பவம் இது. நம் கூட்டத்தில் இதைச் சொன்னால் ஆண்கள் கஸ்தூர்பாவின் சாதி உணர்வைப் பற்றிப் பேசுவார்கள், பெண்கள் காந்தியின் கையைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டும் பேசப்பட வேண்டியதுதான். சமத்துவத்துக்காக வாதாடியவர் பக்கத்தில் நின்ற மனுஷியைத் தரதரவென்று இழுத்தார்.

கப் விஷயத்துக்கு வருவோம். பேசாமல் அந்தக் குவளையை எடுத்துவிட்டு எல்லாக் கப்பையும் ஒரே அலமாரியில் வையுங்கள். அதற்காக அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து உரை எதுவும் நிகழ்த்த வேண்டாம். அவருக்குப் புரியும்.

வேலைக்காரம்மாவின் பெயர் வாயில் நுழையவில்லை. “மேரி” என்று கூப்பிடுகிறோம். அவரும் ஒன்றும் சொல்வதில்லையே?

சம்பளம் கொடுப்பவரிடம் யார் என்ன சொல்வார்? பெயரைக் கேட்டுப் பழகுங்கள். ‘ழ’ சொல்லும் நாக்குக்கு சூலு மொழியின் சொடுக்கு ஒலி ஒன்றும் பெரிய விஷயமில்லை. வயதானவர் என்றால் மாமா (அம்மா), கோகோ (பாட்டி) என்று அவர்கள் வழக்கப்படி மரியாதையாகக் கூப்பிடுங்கள். அறுபது வயது அம்மாளை உங்கள் வீட்டுப் பத்து வயதுப் பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அந்த இடத்திலேயே திருத்துங்கள்.

மலாவியிலிருந்து வந்த தோட்டக்காரருக்குக் காகிதம் இல்லை. குறைவாகக் கொடுத்தாலும் அவர் வாங்கிக்கொள்கிறார்.

வாங்கிக்கொள்வார், வேறு வழி இல்லை. காகிதம் இல்லை என்பதற்காகத் தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பு அறவே போய்விடாது என்று தொழிலாளர் நீதிமன்றம் 2008-இலேயே சொல்லிவிட்டது. காகிதமில்லாதவரை வேலைக்கு வைப்பது தனியாக ஒரு குற்றம், அதையும் மறைக்க வேண்டாம். அவர் காகிதம் வாங்க உதவ முடிந்தால் உதவுங்கள். செய்த வேலைக்கான கூலி அதற்காகக் காத்திருக்கக் கூடாது. அதே 2008-இல், மே மாதம், இந்த நாட்டில் வெளிநாட்டவர்கள் மீது நடந்த தாக்குதல்களில் 60 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்கள் மலிவாக வேலை செய்து எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. மலிவாக்கியது யார்?

2021 ஜூலையைப் பற்றிச் சபையில் யாரும் பேசுவதில்லை, ஏன்? எங்களையும்தானே கொளுத்த வந்தார்கள்?

இதற்குத்தான் பதில் எழுதக் கஷ்டம். அந்தக் கலவர வாரத்தில் நாட்டில் 350 பேருக்கு மேல் இறந்தார்கள். கடைகளும் கிடங்குகளும் சூறையாடப்பட்டன, போலீஸைக் காணவில்லை. டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் பீனிக்ஸிலும் மற்ற இடங்களிலும் மக்கள் தெருமுனைகளில் தடுப்புப் போட்டுக் காவல் நின்றார்கள். பயம் உண்மையானது. 1949 ஜனவரி டர்பன் கலவரத்தின் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதில் 142 பேர் இறந்தார்கள். இந்தியர்களின் வீடுகள் எரிந்தன. ஆனால் இறந்தவர்களில் அதிகம் பேர் ஆப்பிரிக்கர்கள், அவர்களில் பலர் போலீஸ், ராணுவத்தின் குண்டுக்குப் பலியானவர்கள் என்பதை நம் வீட்டுக் கதைகள் சொல்வதில்லை.

2021-இல் பீனிக்ஸ் பகுதியில் 36 பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் கறுப்பினத்தவர். திருட வந்தவர்கள் என்று எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டிவிட முடியாது. வேலைக்குப் போய்த் திரும்பியவர், பெட்ரோல் போட வந்தவர் என்று பலர் தடுப்பில் மாட்டினார்கள். பக்கத்து பம்பாயியிலும் இனாண்டாவிலும் அமாவோட்டியிலும் அவர்களுடைய தாய்மார் இருக்கிறார்கள். நம் வீடுகளில் வேலை செய்கிறவர்களில் பலர் அங்கிருந்துதான் வருகிறார்கள்.

வேதத்தைத் தெரிந்தவர்கள் இங்கே லேவியராகமம் 5:1-ஐ எடுத்துப் படிக்க வேண்டும். கண்டதையும் அறிந்ததையும் சாட்சியாகச் சொல்லாமல் மறைக்கிறவன் தன் அக்கிரமத்தைச் சுமப்பான் என்கிறது. தெருவில் நின்றவர்களில் நம் சபைக்காரர்களும் உண்டு. பார்த்தவர்கள் உண்டு. “சமாதானமாகப் போய்விடுவோம்” என்று பாஸ்டர்கள் சொல்லும்போது யாருக்குச் சமாதானம் என்று கேட்கத் தோன்றுகிறது. சாட்சி சொல்ல பயமாக இருந்தால் ஒரு வழக்கறிஞரோடு போங்கள், சபையிலிருந்து இரண்டு பேர் கூடப் போகட்டும்.

இதற்கு அடுத்த வருடம், 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனிலும் சுற்றுப்புறத்திலும் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். குழாயில் தண்ணீர் வராத அந்த நாட்களில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் எல்லா நிறத்தவரும் ஒரே வரிசையில் நின்றோம். கிணறு வைத்திருந்தவர்கள் வாசலைத் திறந்து விட்டார்கள். அதனால் ஜூலையில் நடந்தது அழிந்துவிடாது. ஆனால் இதுவும் நடந்தது, நானும் பார்த்தேன்.

வாட்ஸ்அப் காவல் குழுவில் “சந்தேகப்படும்படி ஒரு கறுப்பு ஆள்” என்று படம் வருகிறது. பகிர்வதா?

அவர் என்ன செய்தார்? நடந்து போனார் என்றால் பகிராதீர்கள். பூட்டை உடைத்தார் என்றால் போலீஸுக்குச் சொல்லுங்கள். பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளைக்கு வாட்ஸ்அப் விதிவிலக்கு இல்லை. கொஞ்சம் துணிச்சல் இருந்தால் குழுவிலேயே “இவர் என்ன தப்புச் செய்தார்?” என்று ஒரு வரி எழுதுங்கள். பெரும்பாலும் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

ரோபோவில் (சிக்னலில்) வண்டி நின்றால் கை நீட்டுகிறார்கள், கடை வாசலில் நிறுத்திய காரைப் பார்த்துக்கொள்ளும் கார் கார்ட் நிற்கிறார். எல்லோருக்கும் கொடுக்க முடியுமா?

முடியாது. கொடுக்க முடியாதபோது முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லுங்கள், சன்னலை ஏற்றிக்கொண்டு போனைப் பார்க்காதீர்கள். கார் கார்ட் விஷயம் வேறு. அவர் வெயிலில் வேலை செய்கிறார், பலருக்கு அந்தச் சில்லறையைத் தவிர வேறு வருமானம் கிடையாது. அதைத் தர்மமாக நினைக்காமல் கூலியாக நினைத்துக் கொடுங்கள்.

எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் இந்துக்கள். பெரியம்மா வீட்டுக் கூழ் பூசைக்குப் போகலாமா? பிரசாதம் சாப்பிடலாமா? போகாவிட்டால் சண்டை, போனால் சபையில் பேச்சு.

1 கொரிந்தியர் 10 ஏறக்குறைய உங்கள் பெரியம்மா வீட்டை மனதில் வைத்தே எழுதியது போல இருக்கும். அவிசுவாசி ஒருவர் விருந்துக்கு அழைத்து, போக உங்களுக்கு மனதிருந்தால், முன்னால் வைத்ததை விசாரணை செய்யாமல் சாப்பிடுங்கள் என்கிறார் பவுல். இது படைத்தது என்று ஒருவர் சுட்டிக்காட்டினால், அவர் நிமித்தம் விட்டுவிடுங்கள். அதே அதிகாரத்தில் விக்கிரக ஆராதனைக்கு விலகி ஓடுங்கள் என்றும் இருக்கிறது. ஆகவே பூசையில் பங்கெடுக்க உங்கள் மனச்சாட்சி இடம் தராவிட்டால் தராது, அதை நான் தளர்த்தச் சொல்ல மாட்டேன்.

ஆனால் மறுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. “பெரியம்மா, பூசை முடிந்ததும் வந்து பாத்திரம் கழுவித் தருகிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். பிரசாதத் தட்டை நீட்டும் கிழவியிடம் “பிசாசுக்குப் படைத்தது” என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டு வந்து அதைச் சாட்சி என்று கூட்டத்தில் சொல்கிறார்களே, எனக்கு அதைக் கேட்கவே கூசுகிறது. புரட்டாசி மாதத்தில் விரதமிருக்கும் மாமியார் முன்னால் வேண்டுமென்றே கோழிக் குழம்பு வைப்பதும் அதே ரகம்.

இந்த ஊரில் இன்னொரு விசித்திரமும் உண்டு. மவுண்ட் எட்ஜ்கோம், இசிப்பிங்கோ மாரியம்மன் கோவில்களில் பெரிய திருவிழா நடப்பது ஈஸ்டர் சமயத்தில். கரும்புத் தோட்டத்தில் பெரிய வெள்ளிக்கு விடுமுறை கிடைத்தது, அதனால் அம்மனுக்கும் அன்றைக்கே கூட்டம். நாம் சிலுவைத் தியானத்துக்குப் போகும் அதே காலையில் நம் சித்தப்பா மகன் மஞ்சள் வேட்டியோடு பஸ் ஏறுவான். வழியில் பார்த்தால் காரில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுங்கள். அதில் ஒரு விசுவாசமும் குறைந்து போகாது.

சாவு வீட்டுக்குக் கேள்வியே வேண்டாம். போங்கள். பாடை தூக்குங்கள், நாற்காலி போடுங்கள், டீ கொடுங்கள். சடங்கு நடக்கும்போது தள்ளி நின்றால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், வராமல் இருந்தால்தான் முப்பது வருடம் பேசுவார்கள்.

அக்கா, கணவர் கைநீட்டுகிறார். பாஸ்டர் மன்னித்து விட்டுக்கொடு என்கிறார். ரோமர் 12:18-ஐக் காட்டுகிறார்.

அந்த வசனத்தை முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள். “கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்.” கூடுமானால் என்று தொடங்குகிறது. அடிக்கிறவரோடு கூடாது. மத்தேயு 18-இல் எழுபது ஏழுதரம் மன்னிப்பதற்குச் சற்று முன்னால், தவறு செய்தவர் கேளாமற்போனால் இரண்டு மூன்று சாட்சிகளோடு போ, அதற்கும் கேளாவிட்டால் சபைக்குச் சொல் என்று இயேசு சொல்லியிருக்கிறார். மன்னிப்பைச் சொல்லி அந்தப் பகுதியைத் தாண்டிப் போகிறார்கள்.

மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். 1998-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் அவசியமில்லை. முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் உங்கள் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். மன்னிப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஆண்டவர் அவசரப்படுத்த மாட்டார். எங்கள் கூட்டத்துப் பெண்களில் யாரையும் எந்த இரவிலும் எழுப்பலாம்.

அண்ணனோடு பத்து வருடமாகச் சொத்துத் தகராறு. திருவிருந்து எடுக்கலாமா?

மத்தேயு 5:23, 24. காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு. சொத்தை விட்டுக்கொடு என்று அங்கே எழுதவில்லை. வழக்கு வழக்காக நடக்கட்டும். அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போங்கள்.

எங்கள் சபையைக் கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்கே யு.ஐ.எஃப். இல்லை. கேட்டால் “அவர் ஊழியமாகச் செய்கிறார், அன்பின் காணிக்கை கொடுக்கிறோம்” என்கிறார்கள்.

சம்பளம் எதிர்பாராமல் தொண்டு செய்பவருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாது என்பது உண்மை. சபைகள் ஒளிந்துகொள்ளும் ஓட்டை அதுதான். ஆகவே மூப்பர்களிடம் நேரடியாகக் கேளுங்கள். அவர் வாராவாரம் குறித்த நேரத்துக்கு வர வேண்டுமா? வராவிட்டால் கோபிப்பீர்களா? மாதா மாதம் பணம் கொடுக்கிறீர்களா? மூன்றுக்கும் ஆம் என்றால் அவர் உங்கள் பணியாளர். உறையின் மேல் ‘அன்பின் காணிக்கை’ என்று எழுதினாலும் உள்ளே இருப்பது கூலி.

தனியாகக் கேட்டால் குறைகூறுகிறவர் என்று உங்களை ஒதுக்குவார்கள். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, வருடாந்தரக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கும்போது கேளுங்கள். ஒலிபெருக்கிக்கு எவ்வளவு, சிறப்புப் பேச்சாளரின் விமான டிக்கெட்டுக்கு எவ்வளவு, அந்த அம்மாவுக்கு எவ்வளவு என்று மூன்று வரியையும் வாசிக்கச் சொல்லுங்கள். கேட்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், வேலை போகும் ஆபத்து அவருக்குத்தான். சபை சம்மதித்தால் யு.ஐ.எஃப். பதிவை இணையத்திலேயே செய்துவிடலாம். பழைய பாக்கியையும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும், அதற்குக் கட்டட நிதியிலிருந்து எடுங்கள்.